ஆறு ஏக்கரில் ஏழு பங்கு

அந்தியூர்ப் பக்கம் ஒரு முஸ்லிம் பெண்ணின் பேரில் ஆறு ஏக்கர் தோட்டம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் காலமாகிறார். பிள்ளைகள் இல்லை. தாய் தகப்பனும் பாட்டன் பாட்டியும் முன்பே போய்விட்டார்கள்; உடன்பிறந்த ஆண் யாருமில்லை. கணவர் இருக்கிறார். கூடப்பிறந்த தங்கைகள் இருவர் இருக்கிறார்கள். அடக்கச் செலவு, கடன் எல்லாம் தீர்த்தாயிற்று. இனிப் பூமியைப் பங்கு வைக்க வேண்டும்.

குர்ஆனின் நான்காம் அத்தியாயத்தில் விடை தெளிவாகவே இருக்கிறது. பிள்ளையில்லாத மனைவியின் சொத்தில் கணவருக்குப் பாதி என்கிறது 12ஆம் வசனம். சகோதரிகள் இருவர் இருந்தால் அவர்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு என்கிறது 176ஆம் வசனம். கணவருக்கு 3 ஏக்கர், தங்கைகளுக்கு 4 ஏக்கர். கூட்டினால் 7. இருப்பதோ 6.

ஏட்டில் மட்டும் வருகிற கணக்கு என்று இதைத் தள்ளிவிட முடியாது. நபிகள் நாயகம் மறைந்து சில ஆண்டுகளிலேயே, இரண்டாம் கலீஃபா உமரின் ஆட்சியில் (634–644), இதே சிக்கல் மதீனாவில் எழுந்ததாகச் சட்ட நூல்கள் பதிந்திருக்கின்றன. அதை அவர் தீர்த்த விதத்தைக் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்.

கொங்கு நாட்டில் நீதி நடந்த விதத்தைச் சொல்லிவரும் இத்தொடரில், 1799இல் திப்பு வீழ்ந்து கோயமுத்தூர்ச் சீமை கம்பெனியின் கைக்கு வந்த கட்டத்தை எட்டியிருக்கிறோம். இனிக் கம்பெனியின் கோர்ட்டுகளில் காஜியும் முஃப்தியும் சட்ட அதிகாரிகளாக உட்காரப்போகிறார்கள். அவர்கள் சொன்ன தீர்ப்பு எந்த அடித்தளத்திலிருந்து எழுந்தது என்று தெரியாமல் மேலே போனால், அடுத்த நூறு ஆண்டில் நடந்த எதுவும் விளங்காது. அந்த அடித்தளத்துக்கு நான்கு பெயர்கள்: குர்ஆன், சுன்னா, இஜ்மா, கியாஸ். மதரஸாவின் முதலாண்டு மாணவரும் இவற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். ஒரு வழக்கு வந்து நிற்கும்போது நான்கும் சேர்ந்து எப்படி வேலை செய்கின்றன என்பதைத்தான் நம்மில் பலர் கேட்பதில்லை.

குர்ஆனில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வசனங்கள் உண்டு. அவற்றில் சட்டத்தைத் தொடுபவை ஏறத்தாழ 500 என்று இமாம் கஸ்ஸாலி போன்ற பழைய அறிஞர்கள் எண்ணிவைத்தார்கள். வாரிசுரிமையின் பெரும்பகுதி நான்காம் அத்தியாயத்தின் மூன்றே வசனங்களில் அடங்கிவிடுகிறது: 11, 12, 176. அந்த மூன்று வசனங்கள் செய்த வேலை சாதாரணமானதல்ல. ஆயுதம் எடுத்துச் சண்டைக்குப் போகிற ஆண்களுக்கே சொத்து என்றிருந்த அரபுக் குலங்களிடையே, மனைவிக்கு இவ்வளவு, மகளுக்கு இவ்வளவு, தாய்க்கு, சகோதரிக்கு இவ்வளவு என்று பின்னம் போட்டுப் பங்கு எழுதிவைத்தன. ஏழாம் நூற்றாண்டில் பெண்ணின் பங்கை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன சட்டம் உலகில் அரிது. அதை அழுத்திச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் வசனம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. உயில் எழுதலாம் என்கிறது குர்ஆன். எவ்வளவு எழுதலாம் என்று வரம்பு சொல்லவில்லை. அந்த வரம்பு சுன்னாவிலிருந்து, அதாவது நபிகளின் சொல், செயல், அங்கீகாரத்திலிருந்து வருகிறது. நபித்தோழர் சஅத் இப்னு அபீ வக்காஸ் நோயில் படுத்திருந்தார். வாரிசாக ஒரே மகள். சொத்தில் மூன்றில் இரண்டைத் தருமத்துக்கு எழுதட்டுமா என்று நபிகளிடம் கேட்டார். கூடாது என்றார்கள். பாதி? அதுவும் கூடாது. மூன்றில் ஒன்று? அதற்குச் சம்மதித்தார்கள், அதுவே அதிகம் என்ற குறிப்போடு. குடும்பத்தைப் பிறரிடம் கையேந்த விடுவதைவிட வசதியோடு விட்டுச் செல்வது மேல் என்பது அவர்கள் சொன்ன காரணம். இன்று ஈரோட்டில் ஒரு முஸ்லிம் உயில் எழுதினாலும் கோர்ட் பார்க்கிற மூன்றில் ஒரு பங்கு வரம்பு அந்த நோய்ப் படுக்கையருகே பிறந்தது.

நபிமொழி யார் வாயிலாக வந்தது என்பதில் ஆரம்பத்திலிருந்தே கறாராக இருந்தார்கள். முதல் கலீஃபா அபூபக்கரிடம் ஒரு பாட்டி வந்து, இறந்துபோன பேரனின் சொத்தில் தன் பங்கைக் கேட்டார். குர்ஆனில் உனக்குப் பங்கு எதையும் நான் காணவில்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவைத்தார் கலீஃபா. நபிகள் பாட்டிக்கு ஆறில் ஒன்று கொடுத்ததைப் பார்த்தேன் என்று நபித்தோழர் முகீரா சாட்சி சொன்னார். இன்னொரு சாட்சி உண்டா என்று கேட்டு, முஹம்மது இப்னு மஸ்லமாவும் அதையே சொன்ன பிறகுதான் அபூபக்கர் தீர்ப்பளித்தார். ஆட்சியின் தலைவர் தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சபையில் சொல்லி, சாட்சி கேட்டுச் சட்டத்தை நிலைநாட்டுகிறார். பின்னாளில் புகாரி (இறப்பு 870), முஸ்லிம் (இறப்பு 875) முதலிய ஹதீஸ் தொகுப்பாளர்கள் அறிவிப்பாளர் வரிசையைச் சலித்தெடுத்த பெரும்பணிக்கு இந்தக் கவனமே வித்து.

இப்போது உமரின் சபைக்குப் போவோம். கணவருக்குப் பாதி, இரு சகோதரிகளுக்கு மூன்றில் இரண்டு. வசனம் தெளிவு, சொத்து போதவில்லை. இவர்களில் யாரை முன்வைப்பது, யாரைப் பின்தள்ளுவது என்று தமக்குத் தெரியவில்லை என்றார் உமர். தோழர்களைக் கூட்டி யோசனை கேட்டார். அப்போது ஒருவர் கடன் கணக்கைச் சொன்னார். சொன்னவர் அப்பாஸ் என்பர் சிலர், ஸைது இப்னு ஸாபித் என்பர் வேறு சிலர். ஒருவர் ஆறு திர்ஹம் விட்டுவிட்டு இறக்கிறார். ஒருவருக்கு மூன்றும் இன்னொருவருக்கு நான்கும் தர வேண்டியிருக்கிறது. என்ன செய்வோம்? ஆறையும் ஏழு கூறாக்கி, ஒருவருக்கு மூன்று கூறும் மற்றவருக்கு நான்கு கூறும் கொடுப்போம். இருவருக்கும் சம விகிதத்தில் குறையும்; யாரும் வெறுங்கையோடு போகமாட்டார்கள். வாரிசுகளையும் அப்படியே வைத்துப் பாருங்கள் என்றார் அவர். உமர் ஏற்றார். சபையும் ஏற்றது.

இந்த ஒரு தீர்ப்பில் நான்கும் இருக்கின்றன. பங்கின் அளவு குர்ஆனுடையது. எந்தப் பங்குதாரரையும் விட்டுவிடக் கூடாது என்பது நபிகளின் நடைமுறையிலிருந்து அவர்கள் கற்றது. கடனாளியின் கணக்கை வாரிசுக் கணக்குக்குக் கொண்டுவந்தது கியாஸ்: தெரிந்த ஒன்றின் காரணத்தைக் கண்டுபிடித்து, அதே காரணம் உள்ள தெரியாத ஒன்றுக்கு அந்த விதியை நீட்டுவது. கூடியிருந்தோர் ஒப்பியது இஜ்மாவின், அதாவது கருத்தொற்றுமையின், தொடக்கம். அந்தியூர்த் தோட்டத்தையும் ஹனஃபி, ஷாஃபி சட்டப்படி இப்படித்தான் பிரிக்க வேண்டும்: ஆறு ஏக்கரை ஏழு கூறாக்கி, மூன்று கூறு கணவருக்கு, நான்கு கூறு தங்கைகளுக்கு. இந்த முறைக்கு அவ்ல் என்று பெயர்.

எதிர்க்குரலும் எழுந்தது. நபிகளின் சிற்றப்பா மகனான இப்னு அப்பாஸ், ஒரே சொத்தில் பாதியையும் மூன்றில் இரண்டையும் இறைவன் வைத்திருக்க மாட்டான் என்றார். முன்னுரிமை உள்ளவருக்கு முழுப் பங்கும் மற்றவருக்கு மீதியும் போக வேண்டும் என்பது அவர் கருத்து. உமர் இருக்கும்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்கள். அவர்மீது இருந்த அச்சம் கலந்த மரியாதையால் சொல்லவில்லை என்றார். ஷியா சட்டம் அவ்லை ஏற்கவில்லை. அவர்கள் முறைப்படி நம் தோட்டத்தில் கணவருக்கு 3 ஏக்கரும் தங்கைகளுக்கு மீதமுள்ள 3 ஏக்கரும் கிடைக்கும். ஒரே வசனங்களிலிருந்து இரண்டு நேர்மையான முடிவுகள். மாற்றுக் கருத்தை அழிக்காமல் பெயரோடும் காரணத்தோடும் ஏட்டில் எழுதிவைத்த மரபு இது. இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பண்பு இதுவே.

அடுத்த இருநூறு ஆண்டுகளில் இந்த யோசிக்கும் முறைக்கே இலக்கணம் எழுதப்பட்டது. கூஃபாவில் பட்டு வியாபாரம் செய்த அபூ ஹனீஃபா (இறப்பு 767), மதீனாவின் மாலிக் (இறப்பு 795), மாலிக்கிடம் படித்து எகிப்தில் மறைந்த ஷாஃபி (767–820), பாக்தாதின் அஹ்மத் இப்னு ஹன்பல் (இறப்பு 855) ஆகிய நால்வர் பெயரால் நான்கு மத்ஹபுகள், அதாவது சட்ட மரபுகள், நிலைத்தன. ஆதாரங்களை வரிசைப்படுத்தி, எதற்குப் பின் எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதிய முதல் பெரும் நூல் ஷாஃபியின் ‘ரிஸாலா’.

அபூ ஹனீஃபாவின் மரபு சந்தையை நன்கு அறிந்த மரபு. பொது விதிப்படி, கைவசம் இல்லாத பொருளை விற்கக் கூடாது. அப்படியானால் பவானியில் ஜமக்காளத்துக்கு ஆர்டர் கொடுப்பது எப்படிச் செல்லும்? தறியில் இன்னும் பாவே ஏறவில்லை. பொருள் உலகத்தில் இல்லை. இத்தகைய ஒப்பந்தம் செல்லும் என்பதே ஹனஃபி அறிஞர்களின் முடிவு. செருப்புத் தைப்பவரிடமும் பாத்திரம் செய்பவரிடமும் மக்கள் காலங்காலமாகச் சொல்லிச் செய்து வாங்குகிறார்கள், அதை எந்த அறிஞரும் மறுத்ததில்லை என்பது அவர்களுடைய வாதம். கண்டிப்பான கியாஸ் மக்களுக்கு இடைஞ்சல் தரும் இடத்தில் அதை விட்டு நல்லதைத் தேர்வதற்கு இஸ்திஹ்ஸான் என்று பெயர். ஊர் வழக்கத்துக்கு உர்ஃப் என்று பெயர். நான்கு ஆதாரங்களுக்கு அடுத்தபடி இவையும் சட்டத்துக்குள் இருந்தன. ஷாஃபி இஸ்திஹ்ஸானைக் கடுமையாக எதிர்த்தார். ஆளாளுக்குத் தோன்றியதைச் சட்டம் என்று சொல்லக் கதவு திறந்துவிடும் என்பது அவர் அச்சம். அந்த அச்சமும் நியாயமானதே.

நம் பக்கத்துக்கு ஹனஃபி மரபு வந்த வழி வேறு, கடற்கரைக்கு ஷாஃபி மரபு வந்த வழி வேறு. காயல்பட்டினம், கீழக்கரை மரைக்காயர்கள் அரபுக் கடல் வணிகத்தோடு வந்த ஷாஃபிகள். தமிழ் பேசும் ராவுத்தர்களும் உருது பேசும் தக்கணத்தாரும் ஹனஃபிகள். கொங்கு நாட்டு ஜமாஅத்துகளில் மிகுந்திருப்பவர்கள் இவர்கள்தாம். வேறுபாடு தொழுகையில் கை கட்டும் இடத்தோடு நிற்பதில்லை. வயது வந்த பெண் வலீ, அதாவது தந்தை போன்ற பொறுப்பாளர், இல்லாமல் தானே செய்துகொண்ட திருமணம் ஹனஃபி சட்டத்தில் செல்லும். ஷாஃபி சட்டத்தில் செல்லாது. பெண்ணே மணம் செய்துகொள்வதாகப் பேசும் குர்ஆன் வசனங்களின் சொல்லமைப்பை ஹனஃபிகள் முன்வைத்தார்கள். வலீ இல்லாமல் திருமணம் இல்லை என்ற ஹதீஸை ஷாஃபிகள் முன்வைத்தார்கள். கீழக்கரைப் பெண்ணுக்கும் அந்தியூர்ப் பெண்ணுக்கும் சட்டம் இப்படி வேறாயிற்று. இரு மரபுகளையும் தமிழ் மக்கள் தங்கள் மொழியிலேயே கற்றார்கள். 19ஆம் நூற்றாண்டில் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அரபுத் தமிழில் எழுதிய ‘ஃபத்ஹுத் தய்யான்’ போன்ற சட்ட நூல்கள் வீடுகளில் வாசிக்கப்பட்டன.

இனிக் கம்பெனி.

1802ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி மெட்ராஸ் மாகாணத்தில் ஜில்லா கோர்ட்டுகளும் சர்க்யூட் கோர்ட்டுகளும் ஏற்பட்டன. வாரிசுரிமை, திருமணம், சாதி, சமய வழக்கங்கள் பற்றிய வழக்குகளில் இந்துவுக்கு இந்துச் சட்டம், முஸ்லிமுக்கு முஸ்லிம் சட்டம் என்றார்கள். குற்ற வழக்குகளிலோ எல்லோருக்கும் இஸ்லாமியக் குற்றச் சட்டம்தான், கம்பெனியின் திருத்தங்களோடு. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு கவுண்டர் சர்க்யூட் கோர்ட்டில் நின்றால், சாட்சியம் முடிந்தபின் முஸ்லிம் சட்ட அதிகாரி ஃபத்வா, அதாவது சட்டக் கருத்து, எழுதித் தர வேண்டும். அதைப் பார்த்துத்தான் வெள்ளைக்கார நீதிபதி மேலே போவார். 1862 ஜனவரியில் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை இஸ்லாமியக் குற்றச் சட்டமே அடிப்படையாக நீடித்தது. மொகலாயர் காலத்து ஏற்பாட்டைக் கம்பெனி வங்காளத்தில் எடுத்துக்கொண்டு, அதையே தெற்கேயும் விரித்ததன் விளைவு இது. நம் ஊர் வரலாற்றில் அதிகம் பேசப்படாத அறுபது ஆண்டுகள் இவை.

நீதிபதிகளுக்கு முஃப்தியின் மேல் முழு நம்பிக்கை இல்லை. தாங்களே படித்துப் பார்க்க ஆசைப்பட்டார்கள். ஃபர்கானா பள்ளத்தாக்கைச் சேர்ந்த மர்கீனானி (இறப்பு 1197) எழுதிய ‘ஹிதாயா’வை, அதன் பாரசீக வடிவத்திலிருந்து சார்லஸ் ஹாமில்டன் ஆங்கிலமாக்கினார், 1791இல் வெளிவந்தது. அதில் வாரிசுரிமை இல்லாததால் ‘ஸிராஜிய்யா’வை வில்லியம் ஜோன்ஸ் 1792இல் மொழிபெயர்த்தார். நம் ஆறு ஏக்கர் கணக்குக்கான அவ்ல் விதி அதில் உண்டு. ஔரங்கசீப் தொகுப்பித்த ‘ஃபதாவா ஆலம்கீரி’யின் பகுதிகளை நீல் பெய்லி 1865இல் தொகுத்துத் தந்தார். மூன்று புத்தகங்கள் அலமாரிக்கு வந்தன. ஒரு மரபின் முடிவுகள் அவற்றில் இருந்தன. அந்த முடிவுக்கு வந்த வழி, மாற்றுக் கருத்து, ஊர் வழக்கத்துக்கு விட்ட இடம் இவையெல்லாம் மொழிபெயர்ப்பில் மெலிந்துபோயின.

1864இல் 11ஆம் சட்டம் முஃப்தி, காஜி பதவிகளைக் கோர்ட்டிலிருந்து எடுத்துவிட்டது. புத்தகம் போதும், ஆலிம் வேண்டாம் என்ற நிலை வந்தது. 1897இல் லண்டன் பிரிவி கவுன்சில் ஆகா முஹம்மது ஜாஃபர் வழக்கில் இதற்கு முத்திரை வைத்தது. விதவைக்கு ஓராண்டுப் பராமரிப்பு என்ற குர்ஆன் வசனத்தைக் காட்டி அங்கே வாதாடினார்கள். பழைய பெரும் உரையாசிரியர்கள் சொன்னதற்கு மாறாகக் குர்ஆனுக்குத் தாங்களே பொருள் சொல்வது கோர்ட்டுக்குத் தகாது என்று தீர்ப்பாயிற்று. அந்நிய நீதிபதிகள் வேத நூலுக்குப் புதுப்பொருள் சொல்லாமல் விலகி நின்றது ஒருவகையில் அடக்கம். ஆனால் மதீனாவில் உமர் கேட்ட கேள்வியைக் கேட்கும் தகுதியுள்ளவர்களை அதற்கு முன்பே வெளியே அனுப்பியிருந்தார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டின் தீர்வுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உறைந்து நின்றதற்குச் சட்டத்தின் அடித்தளத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. அந்த அடித்தளத்தில் நின்று யோசிக்கும் பணியைக் கோர்ட் நிறுத்திவிட்டது என்பதே உண்மை.

இதைத் தெளிவாகக் கண்டவர் மெட்ராஸ் ஐகோர்ட்டிலேயே இருந்தார். மிட்னாபூரில் 1867இல் பிறந்த அப்துர் ரஹீம், 1907இல் கல்கத்தாவில் தாகூர் சட்டச் சொற்பொழிவுகளை நிகழ்த்தினார். பொருள்: இஸ்லாமியச் சட்டத்தின் மூலக் கோட்பாடுகள். 1908இல் மெட்ராஸ் ஐகோர்ட் நீதிபதியானார், 1920 வரை இருந்தார். சொற்பொழிவுகள் 1911இல் நூலாயின. விதிகளை மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்த ஆங்கிலச் சட்ட உலகத்துக்கு, விதி பிறக்கும் முறையையே அரபு மூல நூல்களிலிருந்து எடுத்துக்காட்டிய நூல் அது. குர்ஆன் வசனத்தின் சொல்லுக்குப் பொருள் கொள்வதற்கான இலக்கணம், ஹதீஸின் தரம், இஜ்மா எப்போது கட்டுப்படுத்தும், கியாஸில் காரணம் காண்பது எப்படி, வழக்கத்தின் இடம் எது என்று ஒவ்வொன்றாக விளக்கினார். நூறாண்டு கடந்தும் சட்டக் கல்லூரிகளில் அந்நூல் பேசப்படுகிறது. சென்னையில் அமர்ந்து தீர்ப்பெழுதிய ஒருவரின் பணி இது என்பதைத் தமிழர்கள் இன்னும் சரியாகக் கொண்டாடவில்லை.

காஜி கதைக்கு ஒரு பின்குறிப்பு. 1864இல் அரசு காஜியை நியமிப்பதை நிறுத்தியதும், திருமணத்தை யார் நடத்துவது, தப்தரில் யார் பதிவது என்ற குழப்பம் வந்தது. அரசு நியமித்த காஜி முன்னிலையில் நிக்காஹ் நடப்பதே பல ஊர்களில் வழக்கம். வைஸ்ராய் சபை உறுப்பினராக இருந்த சர் சையது அகமது கான் கொண்டுவந்த மசோதா 1880ஆம் ஆண்டு 12ஆம் சட்டமாயிற்று. அது முதலில் நடைமுறைக்கு வந்த இடம் மெட்ராஸ் மாகாணமே. நான்காம் பிரிவு கவனத்துக்குரியது: காஜிக்கு நீதி வழங்கும் அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ இச்சட்டத்தால் வராது. தமிழக அரசு இன்றும் மாவட்டக் காஜிகளை இந்தச் சட்டத்தின் கீழ்தான் நியமிக்கிறது.

விளைநிலத்தின் கதையைச் சொல்லாமல் இந்த அத்தியாயத்தை முடிக்க முடியாது, ஏனென்றால் அந்தியூர்ச் சீமையில் சொத்து என்றால் பூமிதான். 1873ஆம் ஆண்டு மெட்ராஸ் சிவில் கோர்ட்டுகள் சட்டத்தின் 16ஆம் பிரிவு முஸ்லிம்களுக்கு முஸ்லிம் சட்டம் என்றது. சட்ட பலம் பெற்ற வழக்கம் இருந்தால் அதற்கும் இடம் கொடுத்தது. அந்த வாசல் வழியாகப் பெண்களின் பங்கு பல இடங்களில் வெளியே போனது. பம்பாயில் 1847லேயே கோஜா, மேமன் சமூகங்களின் வழக்கில், பெண்களுக்குப் பங்கில்லை என்ற வழக்கம் குர்ஆனின் பங்கை வென்றிருந்தது. இதைச் சரிசெய்ய வந்த 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் வழக்கத்தை அகற்றி ஷரீஅத்தை நிலைநாட்டியது. விளைநிலத்தை மட்டும் விட்டுவிட்டது. விளைநில வாரிசுரிமை அப்போது மாகாணங்களின் அதிகாரத்தில் இருந்ததால் மத்திய சபை அதைத் தொடவில்லை. மெட்ராஸ் மாகாணம் 1949ஆம் ஆண்டு 18ஆம் சட்டத்தால் அந்த விலக்கை நீக்கியது. வயலும் தோட்டமும் காடும் அன்றிலிருந்து நம்மிடத்தில் ஷரீஅத் பங்குக்குள் வந்தன. இந்தியாவின் வேறு பல மாநிலங்களில் அந்த விலக்கு நெடுங்காலம் அப்படியே நின்றதை நினைத்தால், இதன் அருமை புரியும்.

சட்டத்தில் பங்கு வந்தாலும், சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் விடுதலைப் பத்திரம் காத்திருக்கிறது. கல்யாணத்துக்குச் சீர் செய்தாயிற்று, கையெழுத்துப் போடு என்று சகோதரிகளிடம் கேட்பது எல்லா சமயத்தாரிடமும் நடக்கிறது. இஸ்லாமியச் சட்டப்படி, உடையவர் உயிரோடிருக்கும்வரை வாரிசுக்கு எந்த உரிமையும் பிறப்பதில்லை. பிறக்காத உரிமையை எழுதிக்கொடுத்தால் அது செல்லாது என்று ஆசா பீவி வழக்கில் மெட்ராஸ் ஐகோர்ட் சொன்னது. மெட்ராஸ் சட்ட அறிக்கைகளின் 41ஆம் தொகுதியில் இருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுத்துவிட்டு, அடுத்தவரை அதை நம்பி நடக்கச் செய்த வாரிசு பிறகு வந்து பங்கு கேட்க முடியாமல் போகலாம் என்று 1972இல் உச்ச நீதிமன்றம் குலாம் அப்பாஸ் வழக்கில் ஒரு விலக்குச் சேர்த்தது. ஆக, தந்தை இருக்கும்போது எந்த ஈடும் பெறாமல் மகள் போட்ட கையெழுத்து அவள் பங்கைப் பறித்துவிடாது. இது தெரியாமல் பங்கை இழந்தவர்கள் ஏராளம் என்பதால் விரித்து எழுதினேன்.

பிள்ளைகளுக்குள் பூமி சிதறாமலிருக்கச் சிலர் கையாண்ட இன்னொரு வழி, அறக்கொடையாக எழுதிவைக்கும் வக்ஃபு. குடும்ப வக்ஃபை 1894இல் பிரிவி கவுன்சில் செல்லாதென்று சொன்னதும், 1913இல் ஜின்னா கொண்டுவந்த சட்டம் அதை மீட்டதும் அடுத்த இதழில்.